யானைக்கு வைத்த காது

கண்காட்சி திறந்ததிலிருந்து கணக்கர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். எதிரே, அவர் மனைவி பழைய துணிகளை வெட்டி அடுக்கடுக்காகத் தைத்த யானை தொங்கியது.

"காலையில ஆணி பட்டு காது கிழிஞ்சிருச்சுன்னாங்களே?" என்று நடுவர் கேட்டார்.

"ஆமா சார். அவசரமா வேற காது வெச்சேன்," என்றாள் மனைவி.

"அந்தக் காதுதான் பிரமாதம்! அந்தச் சாம்பல் நிறம், தேய்ஞ்ச பளபளப்பு... அசல் யானைத் தோலேதான்!"

"பல வருஷம் உழைச்ச துணி சார்."

யானைக்கே முதல் பரிசு.

"வீட்டுக்காரரும் மேடைக்கு வாங்க!"

கணக்கர் அசையவில்லை. "பொண்டாட்டி ஜெயிச்சது பொறுக்கல," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மனைவி கண் கலங்க ஓடி வந்தாள். "எல்லாரும் என்ன நினைப்பாங்க? எனக்காக வரக்கூடாதா?"

"உனக்காகத்தானே காலையிலேருந்து இப்படி நிக்கிறேன்!" கணக்கர் குரலைத் தாழ்த்தினார். "வர்றேன். அந்த யானையைக் கழற்றிக் கொண்டா, பின்னால பிடிச்சுக்கிறேன். என் பேண்ட்ல நீ காது வெட்டின இடம் இன்னும் ஓட்டையாத்தான் இருக்கு."