நாற்பது விநாடி அலறல்

"அந்த நாற்பது விநாடி அலறல் இல்லாம முடிஞ்சா அது கச்சேரியே இல்ல," என்று ரைமோ பீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தான். "‘ஓநாயின் மூச்சு’தான். இதுல பேச என்ன இருக்கு?"

தூலிக்கியின் கண்கள் தாமாகவே மதுக்கடையின் மூலையில் தொங்கிய கறுப்புத் திரைப் பக்கம் போய்வந்தன.

திரைக்குப் பின்னால் இருந்தவன் அவள் கணவன் ஹெய்மோ. ‘கரும்பனி’ என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகன். ஒவ்வொரு சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியும் சொந்த ஊரான தம்பெரேயில்தான். அன்று மதியம் பழைய ரசிகர்கள் ஏழு பேர் இந்தக் கடையில் கூடி, பதினோரு ஆல்பங்களில் எதன் கடைசிப் பாட்டு ஆகச் சிறந்தது என்று அடித்துக்கொள்வார்கள். ஜெயிக்கிற பாட்டோடுதான் மாலைக் கச்சேரி முடியும். ஹெய்மோ திரைக்குப் பின்னால் காபி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஏழு பேரில் தூலிக்கியும் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரசிகை.

மற்ற வருஷங்களில் இது வெறும் விளையாட்டு. இந்த வருஷம் உயிர் போகிற விஷயம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்று நேற்று முன்தினம் டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன். அதுவரை அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் அலறினால்கூட வெடித்துவிடலாம். மற்ற பாட்டுகளை அடக்கிப் பாடி ஒப்பேற்றலாம், அந்த அலறலை முடியாது.

கச்சேரியையே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. "அவங்க கேட்ட பாட்ட ஒரு வருஷம்கூட நான் மாட்டேன்னு சொன்னதில்ல. நீ மட்டும் அவங்ககிட்ட விஷயத்த உளறினா, வேணும்னே அந்த அலறலத்தான் பாடுவேன்," என்றான். சொன்னதைச் செய்கிற ஆள். அதனால் உண்மையைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற நிலையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது ஆல்பத்தின் ஒன்பது நிமிடப் பாட்டை முதலில் கழித்துக்கட்டினார்கள். வெறும் டிரம்ஸோடு முடியும் ஆறாவதை, தூங்குகிறவனை எழுப்பத்தான் லாயக்கு என்று நூலகத்தில் வேலை பார்க்கும் பிர்யோ ஒரே போடாகப் போட்டாள். கடைசியில் இரண்டு பாட்டுகள் மிஞ்சின. ஒன்று ‘ஓநாயின் மூச்சு’. மற்றது, மெல்லத் தேய்ந்து முடிகிற ‘ஏரி உறையும்போது’.

தூலிக்கி ஏரிப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். ரைமோ விடுவதாக இல்லை. சாமான் கிடங்கில் வண்டி ஓட்டுகிறவன். குரலும் வண்டி மாதிரியே இருக்கும். ஏரிப் பாட்டைக் கேட்டால் தன் நாய்கூடக் கொட்டாவி விடுகிறது என்றான். மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு.

அப்போது திரைக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பிறகு கரண்டி காபிக் கோப்பையில் சுற்றும் சத்தம் வந்தது. அப்பாடா.

இனி கௌரவம் பார்த்துப் பயனில்லை.

"அந்த அலறல் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றாள், திரைக்கும் கேட்கும்படி. "முடிக்க வரி கிடைக்கல. யோசிக்கச் சோம்பேறித்தனம். கத்திட்டு எந்திரிச்சு வந்துட்டான். அதப் போய்ப் பெரிய கலைன்னு முப்பது வருஷமாத் தலையில வெச்சு ஆடுறீங்க."

அந்த அலறலைக் கேட்டுத்தான் இருபத்திரண்டு வயதில் அவள் அவன்மேல் பைத்தியமானாள். அவனுக்கும் அது தெரியும். சொன்ன வார்த்தை அவளுக்கே நெஞ்சில் தைத்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்ள அவன் உயிரோடு இருந்தால் போதும்.

ரைமோ எகிறினான். அவள் பதிலுக்கு எகிறினாள். இரண்டு மணி நேரம் போனது. பிறகு வழக்கப்படி ஒவ்வொருவராகத் தங்கள் பாட்டின் பெயரைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் ஆள் ஓநாய் என்றான். இரண்டாவது ஆளும் ஓநாய். மூன்றாவதும் ஓநாய். இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்தால் ஓநாய் ஜெயித்துவிடும். தூலிக்கி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிர்யோ ஏரி என்றாள். அடுத்தவன் ஏரி. தூலிக்கியும் ஏரி என்றாள்.

மூன்றுக்கு மூன்று. மிச்சம் இருந்தது ரைமோ. எல்லாம் முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏரி," என்றான் ரைமோ. "இவ பேசிப் பேசியே என் மனச மாத்திட்டா. தொலையட்டும்."

திரையை விலக்கிக்கொண்டு ஹெய்மோ வெளியே வந்தான். முகம் கொஞ்சம் தொங்கித்தான் போயிருந்தது. "சோம்பேறியா நானு?" என்று மனைவியை முறைத்துவிட்டு, "சரி, ஏரின்னா ஏரி. உங்க இஷ்டம்," என்று ரைமோவின் முதுகில் தட்டிவிட்டு அரங்கத்துக்கு நடந்தான். கதவு சாத்திய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ரைமோ அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினான்.

"போன வாரம் துர்க்கு ஊர்க் கச்சேரியில அந்த அலறல் முடிஞ்சதும் அவன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு டிரம்ஸ் மேல சாஞ்சத முன்வரிசையில நின்ன நாங்க ஆறு பேரும் பாத்தோம்," என்றான் மெதுவாக. "சுலபமா விட்டுக்கொடுத்தா பரிதாபப்படுறோம்னு கண்டுபிடிச்சுருவான், அதான் யார் யார் எந்தப் பாட்டச் சொல்றதுன்னு நேத்தே பேசி வெச்சுக்கிட்டு உன்கூட மல்லுக்கட்டினோம்."