தொடாத மெத்தை

"கல்லு மாதிரி இருக்கு, வேர்த்தும் கொட்டுது" என்று மூன்று வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது ஒரு தென்னைநார் மெத்தை. ஒருநாள் அதன் மேல் விரிக்க, டாப்பர் என்ற மெத்தென்ற மெல்லிய மெத்தை ஒன்று வந்து சேர்ந்தது.

"இனி நீங்க ஓய்வெடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றது டாப்பர்.

ஒரு வாரம் போனது. "இதுலயும் வேர்க்குது. புரண்டா சரசரன்னு சத்தம் வேற" என்று சலித்துக்கொண்டு, வீட்டுக்காரர் சிவநேசன் புது மெத்தை வாங்கக் கிளம்பினார்.

"நான் அவ்வளவு மோசமாண்ணே?" என்று கேட்டது டாப்பர்.

"உன்னை அவர் இன்னும் தொடவே இல்லையேடா. என்னையும்தான்" என்றது மெத்தை அலுப்போடு.

சாயங்காலம் புது மெத்தை வந்தது. இறக்கி வைத்தவர்களிடம் சிவநேசன் பதறினார்:

"பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சிடாதீங்கப்பா, அழுக்காயிடும்."