மாமிக்குத் தெரியாத பிறை

"நாப்பத்தி ரெண்டாயிரத்து எழுநூறு ரூவா. நெலாவைப் பாக்க யாராச்சும் இம்புட்டுக் கடன் வாங்குவாங்களா தம்பி?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கேட்டார் ரம்லத் பீவி. கோட்டைப்பட்டினத்தில் கருவாட்டு மொத்த வியாபாரம் அவருடையது. கொடுத்த காசில் ஒரு ரூபாய்கூட யாருக்கும் விட்டதில்லை என்று ஊரில் பேர்.

ஹாமித் தலை குனிந்தான். பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் பாளம் சுமந்த தோள் இன்னும் விறைத்துக் கிடந்தது. அந்தத் தோளிலேயே, மாமியிடம் கடன் வாங்கி எடுத்த தொலைநோக்கியையும் மாடிக்கு ஏற்றித் தாங்கியில் பூட்டியிருந்தான்.

"பேச்சு ஞாபகம் இருக்குல்ல?" மாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மாலையின் மணிகளை உருட்டத் தொடங்கினார். "பெருநாள் பிறையை இந்தக் குழாயில நான் என் கண்ணால பாக்கணும். பாத்த அன்னிக்கே முழுக் காசும் வரணும். காசு வரலைன்னா குழாய் என் வீட்டுக்கு வரணும்."

"இருக்கு மாமி."

"கையில எவ்வளவு வச்சிருக்க?"

"பதினோராயிரம்."

"அப்ப குழாயை நல்லாத் தொடைச்சு வை. போறப்ப தூக்கிக்கிட்டுப் போறேன்."

நோன்பு திறந்த கஞ்சி வாசனை தெருவில் இன்னும் இருந்தது. மேற்கே கருவேல மரங்களுக்கு மேல் வானம் சிவந்து மங்கிக்கொண்டு வந்தது. ஹாமித் குழாயின் வாயோரம் ஒரு சிறு விளக்கைச் செருகினான்.

"அது என்ன செவப்பு லைட்டு?"

"லேசர், மாமி. இந்தக் குழாய் குட்டை, வாய் பெருசு. வெளிச்சத்தைச் சட்டுனு அள்ளிரும், போட்டோ புடிக்க அதுதான் தோது. ஆனா உள்ள இருக்குற ரெண்டு கண்ணாடியும் மயிரிழை விலகினாலும் படம் கெட்டுரும். படியேத்திக் கொண்டாந்தாலே விலகிரும். ஒவ்வொரு தடவையும் நேராக்கணும்."

"ஒவ்வொரு தடவையும் கெட்டுப்போற சாமானுக்கா என் காசைப் போட்ட?"

சிவப்புக் கதிர் அடியில் இருந்த பெரிய கண்ணாடியின் நடுவில் பட்டுத் திரும்பி வந்தது. புறப்பட்ட துளையிலேயே அது வந்து விழ வேண்டும். எள்ளளவு தள்ளி நின்றது. ஹாமித் மேலே பார்த்துச் சொல்லச் சொல்ல, அவன் மனைவி பவுசியா அடியில் குந்தித் திருகைத் திருப்பினாள்.

"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. கொஞ்சம். இன்னும்."

பவுசியா குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, இப்படியே கோணலா விட்டுட்டா என்ன? மங்கலாத் தெரிஞ்சா மாமி பிறை இல்லைன்னு போயிருவாங்க. குழாய் நம்மகிட்டயே இருக்கும்."

ஹாமித் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்தான்.

"கோணலா இருந்தா வெளிச்சத்துக்கு வால் மொளைச்சிரும் புள்ள. பிறைக்கா வால் வைக்கச் சொல்ற? இன்னும் ஒரு நூல் திருப்பு."

பொட்டு மெல்ல ஊர்ந்து துளைக்குள் போய் மறைந்தது.

லேசரைக் கழற்றிவிட்டுக் கண் வைக்கும் வில்லையை மாட்டி, மரத்துக்கு மேலே குழாயை நகர்த்தி நகர்த்திப் பிறையைத் தேடினான். வந்தது. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வெளிச்ச நரம்பு. வட்டத்தின் மீதி முழுவதும் வானத்தோடு வானமாகக் கரைந்திருந்தது. இடது முனையில் அது கோடாகக்கூட இல்லை. நிலாவின் மலைகள் குறுக்கே மறித்து, அறுந்து அறுந்து, பொடிப்பொடி மணிகளாகக் கிடந்தது. கடன் மறந்தது. தோள்வலி மறந்தது.

"வாங்க மாமி," என்று மட்டும் சொன்னான். "மூச்சு கண்ணாடியில படாமப் பாருங்க."

ரம்லத் பீவி குனிந்தார். கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் நின்றது.

"தெரியுதா மாமி?"

நெடுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"ஒண்ணும் தெரியலை."

"நடுவுல பாருங்க, வெள்ளிக் கம்பி மாதிரி."

"கம்பியும் இல்ல, கருவாடும் இல்ல. ஒரே செவப்பா இருக்கு."

ஹாமித் பதறிப்போய்க் கண்ணை வைத்தான். நடுவில்தான் இருந்தது. பவுசியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவங்களே இல்லைங்குறாங்க. விடுங்களேன்."

அவனால் விட முடியவில்லை.

"மாமி, இன்னும் ஒரே ஒரு தடவை. நெசமா அங்க இருக்கு. குழாயை எடுத்துக்கிட்டே போங்க, பரவாயில்லை. அதைப் பாத்துட்டுப் போங்க."

ரம்லத் பீவி அவன் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். இந்தத் தடவை முன்னைவிட அதிக நேரம்.

"இல்ல தம்பி. என் கண்ணுல புரை விழுந்துருச்சு போல. இனிமே இதுல எந்தப் பிறையும் எனக்குத் தெரியாது."

"அப்ப காசு?"

"பாத்தாத்தானே காசு? பேச்சுன்னா பேச்சு. தெரியாத பிறைக்குக் காசு வாங்க நான் என்ன கொள்ளைக்காரியா? கடன் முடிஞ்சுச்சு. அந்தப் பதினோராயிரத்துல பவுசியாவுக்கு நல்ல சேலையா ஒண்ணு எடு."

ரம்லத் பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"மரத்துக்குள்ள இறங்குறதுக்குள்ள கேமராவை மாட்டு தம்பி. இடது முனையில தஸ்பீஹ் அறுந்து மணி சிதறுன மாதிரி கெடக்கே, அதை மட்டும் விட்டுறாத."