வடியும் தண்ணீர்
கடல் உள்வாங்க, கழியில் வடிந்துகொண்டிருக்கும் இந்தத் தண்ணீர் இன்னும் பத்து நிமிடம் வடியாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று படகில் நிற்கும் தங்கை நினைக்கிறாள். வடிந்துவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். கணவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, கரைப் பக்கம் திரும்பாமல் நிற்கிறார். துறையின் பலகையில் அக்கா, ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையில் துணிப்பையோடு. "என்னையும் ஏத்திக்கடி, உங்க வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வரேன். சாமானோட சாமானா ஒரு மூலையில கிடக்கேன். உன் வீட்டுக்காரர் கேட்டா மூட்டைன்னு சொல்லிடு."

"நாளைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணுமேக்கா."

"மூணு வருஷமா அந்த மிஷினோடதான் குடித்தனம். ஒரு வாரம் லீவு குடுக்கட்டுமே." அந்த ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். நீரில் நெளியும் வெயில் அக்காவின் முகத்தில் ஆடுகிறது. நீட்டிய பை தங்கையின் விரல்களில் வந்து இடிக்கிறது. அவள் விரல்களை மடக்கிக்கொள்கிறாள்.

"வேணாம்க்கா."