பேரும் ஊரும்

ஆந்தீஸ் மலையூர் ஒன்றின் சந்தைத் திடலில், நல்ல வெயிலில், ஃபெலீசா பாடிக்கொண்டிருந்தாள். விட்டுப்போன புருஷனைப் பற்றித்தான் அவளுடைய எல்லாப் பாட்டும். பாதியில் நிறுத்துவாள்; யாழ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். "யாரையெல்லாம் விட்டுட்டுப் போயிட்டாங்களோ, அவங்க பீர் பாட்டிலைத் தூக்குங்க" என்பாள். தூக்கியவர்களிடம் பேரும் ஊரும் கேட்டு, மைக்கில் சொல்லி வாழ்த்துவாள். அதற்காகவே மலை இறங்கி வருகிறவர்கள் உண்டு. தன் பேரைக் கேட்டதும் அழுதுகொண்டே குடித்து, கடைசி நுரையை மண்ணுக்குச் சிந்துவார்கள். மண்ணும் குடிக்க வேண்டும் என்பது அந்த மலை வழக்கம்.

அன்று கடைசி வரிசையில் ஒரு பாட்டில் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது. தூக்கியவன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை ஃபெலீசாவுக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க அவள் பின்னியது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் இன்னொருத்தியோடு பஸ் ஏறினான்.

யாழ்காரர் நிமிர்ந்து பார்த்தார். விரல்களை மட்டும் நிறுத்தவில்லை.

"பின்னால தொப்பி போட்ட அண்ணே," என்றாள் ஃபெலீசா. குரல் பிசிறவில்லை. "உங்க பேரு?"

"மெல்கோர்."

"எந்த ஊரு?"

அவன் வாயைத் திறந்தான். அவளுடைய ஊர்தான் அவன் ஊரும். தூக்கிய கை மெல்ல இறங்கி, பாட்டில் சாய்ந்து, ஒரு மிடறும் குடிக்காத பீர் மண்ணில் கொட்டியது.

"ஊரில்லாத மெல்கோர் அண்ணனுக்கு எங்க வாழ்த்து," என்றாள், மற்றவர்களுக்குச் சொல்லும் அதே குரலில்.

பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மேடைப் பலகையைக் காலால் ஓங்கி மிதித்தாள். பாதியில் விட்டிருந்தது, திரும்பி வந்துவிடு என்று கெஞ்சும் வரி. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடினாள்.