பத்தாவது கையெழுத்து

"எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை வேணும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மீட்டர் அக்கா இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. துணியை அளந்துகொண்டிருந்த கையும் நிற்கவில்லை. தலைவிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

தலைவி என்றால் சங்கம், கொடி என்றெல்லாம் ஒன்றுமில்லை. அந்த ஜவுளிக்கடையில் குழந்தைகள் உடுப்பு விற்பவள். யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் முதலாளி முன்னால் போய் நிற்கிற வாய் அவளுக்கு மட்டும்தான் என்பதால், கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பெயர். வெட்டுமேசையில் நாள் முழுக்கத் துணி அளந்து கொடுப்பவள் மீட்டர் அக்கா.

எதிர்க்கடை ஞாயிறும் திறக்க ஆரம்பித்ததிலிருந்து முதலாளி ஆடிப்போயிருந்தார். வருகிற ஞாயிறு முதல் நாமும் திறக்கிறோம், வேறு ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தலைவி மல்லுக்கு நின்றதில் ஒரு படி இறங்கி வந்தார். பத்துப் பேரும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன், ஒரு பெயர் குறைந்தாலும் திறப்பேன் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வரை கெடு.

ஒன்பது கையெழுத்து ஒரே மணி நேரத்தில் விழுந்துவிட்டது.

அன்று முதல் மீட்டர் அக்கா சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகின. முதலாளியிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்றாள் ஒருத்தி. அவருக்குக் கோள் சொல்கிறவளே இவள்தான் என்றாள் இன்னொருத்தி. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே தலைவிதான்.

மீட்டர் அக்கா தனியாகச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்டாக் ரூமில் அவளை மடக்கினாள் தலைவி. கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். தன் புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஆறு நாளும் மகள் பக்கத்து வீட்டில்தான் வளர்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாத அந்த ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டால் பிள்ளைக்கு அம்மா முகமே மறந்துபோகும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள். கடைசியில் வாய் எல்லை தாண்டியது.

"உங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டுல நீங்களும் வீட்டுக்காரரும் ஜாலியா இருப்பீங்க. எங்க வயித்தெரிச்சல் உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

மீட்டர் அக்கா கையிலிருந்த துணிக்கட்டை அடுக்கில் வைத்தாள். பிறகு, பொண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டாள். ஆறு என்றாள் தலைவி. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். இது என்ன கேள்வி என்று முறைத்தபடியே, மத்தியானம் வரைக்கும் என் வயிற்று மேல் காலைப் போட்டுத் தூங்குவாள், அவ்வளவுதான் என்றாள் தலைவி.

"கொடு."

சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு தடவை வழுக்கியது. தலைவியை ஒதுக்கிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

முதலாளி பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு உர்ரென்று தலையாட்டினார். பெண்கள் தலைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மீட்டர் அக்காவை யாரும் தேடவில்லை.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தலைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது என்று சொன்னது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரு மன்னிப்பாவது கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாடி. படி ஏறும்போதே உள்ளே ஏதோ விழுந்து உடைகிற சத்தம். ஒரு ஆண்குரல். அப்புறம் பேச்சு மூச்சே இல்லை.  மணியை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. மீட்டர் அக்காவின் கீழுதடு கிழிந்திருந்தது. ஒரு கண் முழுசாக மூடிக் கிடந்தது.

"போயிடும்மா, உனக்குப் புண்ணியமா போகும்" என்றாள், காற்று மாதிரி ஒரு குரலில்.

 தலைவி கேட்க நினைத்ததை முகத்திலேயே படித்தவள் போல மீட்டர் அக்கா சொன்னாள்.

"ஆறு நாளும் அவரு ராத்திரி வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் கடைக்குக் கிளம்பிடுவேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள அவரு போயிடுவாரு. மத்த நாள்ல நான் லீவு எடுத்தாலும் அவரு பகல் பூரா தூக்கம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ரெண்டு பேருக்கும் லீவு."

யாரடி வாசலில் என்று உள்ளேயிருந்து ஒரு உறுமல். காலடிச் சத்தம் நெருங்கியது.

 தலைவி கதவிடுக்கில் காலை வைத்தாள். மீட்டர் அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கடையில இருந்து வர்றேங்க. இன்னையிலிருந்து ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. அக்காவைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு முதலாளி."