'ஜோ' என்று கீறிய பம்பரம்

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஜோவிதாவும் அபிகாயிலும் நான்கு வருடங்களாக மதிய இடைவேளையில் பேபிளேடு பம்பரம் விட்டார்கள். துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் பேசின்தான் அவர்களுடைய களம். லாஞ்சர் என்கிற கைப்பிடியில் மாட்டி அதன் நாடாவை இழுத்துவிட்டால் இரண்டு பம்பரங்களும் அதற்குள் மோதிக்கொள்ளும். கடைசிவரை சுற்றும் பம்பரம் யாருடையதோ அவளுக்கு வெற்றி.

ஜனவரியில் அபிகாயில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பெட்டியை மூடுவதற்கு முன் ஜோவிதா தன்னுடைய சிவப்புப் பம்பரத்தை அவள் கைக்குள் வைத்தாள். ஆணி அடித்து, குழியில் இறக்கி, மண் போடும்வரை அங்கேயே நின்றாள்.

மார்ச்சில் ஒரு மதியம் ஜோவிதா புதிதாக வாங்கிய பம்பரத்தைத் தனியாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜை எழில் பேசினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்த விளையாட்டைப் பார்த்து எப்போதும் கேலி செய்தவள் அவள். அவள் கையில் அதே சிவப்புப் பம்பரம் இருந்தது. ஜோவிதா ஊசியால் கீறிய 'ஜோ' அப்படியே இருந்தது.

"இது ஏதுடி உனக்கு?"

"அபி அக்கா குடுத்தாங்க. போன மாசத்துலேர்ந்து தினமும் காலைல ராஜகீழ்ப்பாக்கத்துல பஸ் ஏறி என் பக்கத்துல உக்கார்றாங்க. தாம்பரம் வர்ற வரைக்கும் கத்துக்குடுக்குறாங்க."

எழில் லாஞ்சரைச் சாய்த்துப் பிடித்து இழுத்தாள். அபிகாயில் மட்டும்தான் அப்படி இழுப்பாள். எத்தனையோ முறை கெஞ்சியும் ஜோவிதாவுக்கு அதை அவள் சொல்லித்தந்ததில்லை.

ஜோவிதாவின் புதுப் பம்பரம் மோதுபட்டு பேசினுக்கு வெளியே போய் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

எழில் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள்.

"இல்லக்கா."